வெண்மலர்த்தருவுக்கு எடுத்த விழா

எங்கள் டவுன்ஹவுஸ் வளாகம் மில்லிக்கனில், ஸ்டீல்ஸ் வீதிக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது. அறுபத்தெட்டு வீடுகள், அவற்றில் நாற்பதுக்கு மேல் நம்மவர்கள். வளாகத்தின் நிர்வாக போர்டுக்கு ஆறு வருடமாகத் தலைவர் தில்லையம்பலம். அவரை எதிர்த்து யாரும் நிற்பதில்லை. அன்பினால் என்று நினைத்துவிட வேண்டாம். தோற்ற பிறகும் அவரோடு ஒரே பார்க்கிங்கில்தானே காரை விட வேண்டும் என்ற பயம்.

இந்தக் கதை மிசிசாகாவில் தொடங்குகிறது. தில்லையம்பலத்தின் மகள் கட்டியிருப்பது கோயம்புத்தூர்க் குடும்பத்தில். சம்பந்தி மோகனசுந்தரம் ஓய்வுபெற்ற இன்ஜினியர், பொறுமைசாலி. ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் போன இடத்தில், அவர் தில்லையம்பலத்தையும் மனைவி பாலேஸ்வரியையும் வீட்டின் பின்பக்கம் அழைத்துப்போய் ஒரு மரத்தைக் காட்டினார். இலை இன்னும் சரியாக விடவில்லை. கிளைகள் தட்டுத்தட்டாக விரிந்து, தட்டு முழுக்க வெள்ளை வெளேரென்று பூ.

"டாக்வுட், சம்பந்தி. எட்டு வருஷமா பாத்துப் பாத்து வளர்த்தேன். இந்த வருஷந்தான் இப்படிப் பூத்திருக்கு."

"வடிவாத்தான் இருக்கு" என்றார் தில்லையம்பலம். அவ்வளவுதான். 401 நெடுஞ்சாலையில் வீடு திரும்பும் வழி முழுக்க அவர் வாயே திறக்கவில்லை என்று பாலேஸ்வரி அன்ரி பிறகு சொன்னார். "மக்கோவன் எக்ஸிற் எடுக்கேக்கைதான் ஒரு கதை கதைச்சவர். எட்டு வருஷமாம், நான் எட்டு நாளிலை காட்டிறன் எண்டு."

சொந்த வீட்டின் முன்னால் அவருக்கு இருந்த புல்தரையில் ஒரு பாயை விரித்தால் மிச்சம் இல்லை. ஆனால் தலைவருக்குப் பொதுக்காணி இருந்தது. வளாகத்து வாசலில், பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் நின்ற பழைய மரம் பூச்சி அரித்துச் செத்து, வெட்டப்பட்டு, அந்த இடம் மொட்டையாகக் கிடந்தது. தில்லையம்பலம் அதைப் பார்த்தார். பார்த்ததும் அது அவருடையதாகிவிட்டது.

மரம் வாங்க அவர் போனது கௌசியிடம். கௌசி எங்கள் வளாகத்தில் முப்பத்தோராம் நம்பர். ஸ்ரூவில் என்ற ஊர்ப் பக்கம் இருக்கும் ஒரு மரக்கன்று நேர்சரியில் பதினாறு வருடமாக வேலை. கன்று இறக்குவது, நடுவது, வெட்டுவது, செத்ததைக் கொண்டுவந்து சண்டை போடும் வாடிக்கையாளர்களைச் சமாளிப்பது எல்லாம் அவள்தான். ஒரு மரத்தின் அடியைப் பார்த்தால் அது எத்தனை வருடம் தாங்கும் என்று சொல்லிவிடுவாள். எங்கள் வளாகத்தில் இதை யாரும் ஒரு படிப்பாகக் கணக்கெடுப்பதில்லை.

அன்று நடந்ததை அவள் எனக்குச் சொன்னாள்.

"கௌசி பிள்ளை, உந்த டொக்வூட் மரத்திலை உங்களிட்டை இருக்கிறதுக்குள்ளை பெரிசு எது?"

"எங்கை அங்கிள் வைக்கப் போறியள்?"

"கேற்றடியிலை. வாறவன் போறவன் எல்லாரும் பாக்கவேணும்."

"அங்கை வேண்டாம் அங்கிள். நாள் முழுக்க வெய்யில். மாரியிலை ஸ்நோவைத் தள்ளி, உப்போடை அங்கைதான் குவிக்கினம். இது காட்டுக்குள்ளை பெரிய மரங்களின்ரை நிழலிலை வளருற சாதி. பின்பக்கம் குப்பைக் கொட்டிலுக்கு அங்காலை நல்ல இடம் இருக்கு. காலமை வெய்யில் படும், மத்தியானத்துக்குப் பிறகு பக்கத்துக் காணி மேப்பிள் நிழல் குடுக்கும்."

"குப்பைக்குப் பின்னாலை வைச்சால் ஆர் பாக்கிறது?"

"மரத்துக்கு ஆரும் பாக்கத் தேவையில்லை. வேருக்கு மூச்சு விட இடமிருந்தால் போதும். பெரிசு எடுக்காதேங்கோ, சின்னன் எண்டால் கெதியாப் பிடிக்கும். ஆழத் தாட்டுப் போடாதேங்கோ. அடிமரம் வேரா விரியிற இடம் மண்ணுக்கு வெளியிலை தெரியவேணும்."

தில்லையம்பலம் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த ஒரு மரத்தைச் சுட்டிக்காட்டினார். பூத்து நின்றது. கௌசிக்கு மனது கேட்கவில்லை. அவருக்கு ஏதாவது ஒரு விஷயமாவது ஏறட்டும் என்று, "அங்கிள், இந்த வெள்ளை பூவிதழே இல்லை, தெரியுமோ? இது இலை. நடுவிலை கிடக்கிற இந்தப் பச்சைக் குஞ்சுக் கூட்டம்தான் பூ" என்றாள்.

அவர் நாலு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பிள்ளை, உதை விழாவிலை சொல்லிப் போடாதை."

விழா என்று ஒன்று வரப்போவது கௌசிக்கு அப்போதுதான் தெரிந்தது.

விழாக் குழு கூடியது. முதல் பிரச்சினை பெயர். டாக்வுட்டை அப்படியே தமிழாக்கிப் பேனரில் 'நாய்மரம்' என்று போட முடியாது என்பதில் எல்லோரும் ஒற்றுமையாக இருந்தார்கள். எங்கள் வளாகத்தின் வரலாற்றில் அப்படியொரு ஒற்றுமை அதற்கு முன்பு ஏற்பட்டதில்லை. இரண்டு மணிநேரம் ஆராய்ந்து 'வெண்மலர்த்தரு' என்று தலைவரே பெயர் சூட்டினார். அந்த வெள்ளை மலரே அல்ல என்பது தெரிந்த இரண்டு பேரில் ஒருவர் அவர்.

சனிக்கிழமை காலை கௌசி நேரத்தோடு வந்தாள். எங்கள் வளாகத்துக்குப் புல் வெட்டி, ஸ்நோ தள்ளும் ஒப்பந்தக்காரர் எட்வேட், பாசையூர்க்காரர். அவரும் அவளுமாகக் குழி வெட்டி, மரத்தை இறக்கி, அடிமரம் விரியும் இடம் தரைக்கு இரண்டு விரல் மேலே நிற்கும்படி வைத்து, மண் அணைத்துத் தண்ணீர் விட்டார்கள். ஒன்பது மணிக்கு அந்த மரம் சரியாக நடப்பட்டிருந்தது. வாசலில் அது நன்றாக இருந்த ஒரே ஒரு மணிநேரம் அது.

பத்து மணிக்கு விருந்தினர் வந்தார்கள். மங்கள விளக்கேற்றி, மௌன அஞ்சலி செலுத்தி, வரவேற்புரை நிகழ்த்தி, தலைமையுரைக்கு நாற்பது நிமிடம் கொடுத்தோம். பிறகு 'மண்ணிடல்'. பட்டியலில் பதினேழு பேர். ஒவ்வொருவரும் ரிப்பன் கட்டிய சவல் என்ற மண்வாரியை வாங்கி, ஒரு சவல் மண் அள்ளி அடியில் போட்டு, போட்டோவுக்குப் பார்க்க வேண்டும். சிலர் கண்ணை மூடிவிட்டதால் இரண்டாம் முறையும் போட்டார்கள். ஏழாவது ஆளோடு அடிமரம் விரியும் இடம் மறைந்தது. கௌசி எழுந்து போய், "அங்கிள், போதும், இனி மண் போடக்கூடாது" என்றாள். மைக்கில் நின்றவர், "அடுத்ததாக, மார்க்கம் நகரின் பிரபல காப்புறுதி முகவர்" என்றார். காப்புறுதி முகவர் பெரிய மனதுக்காரர். சவல் நிறைய அள்ளினார்.

நானும் போட்டேன். பதின்மூன்றாவது ஆள் நான். பியர்சன் விமான நிலையத்தில் சரக்கு ஏற்றி இறக்குபவனை யார் இப்படியெல்லாம் பெயர் சொல்லி மைக்கில் கூப்பிடுகிறார்கள்? ஆசையாக இருந்தது, போட்டேன்.

பிறகு அடியில் பால் ஊற்றினார்கள். இளநீர் ஊற்றினார்கள். பட்டையில் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தார்கள். தலைவர் மரத்துக்குப் பொன்னாடை போர்த்தினார். அது வழுக்கி விழ, எட்வேட் ஒரு கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டார். கௌசி மறுபடியும் எழுந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள், "எமது வளாகத்தின் மரவியல் நிபுணர்" என்று அறிவித்து அவளுக்கும் ஒரு பொன்னாடை போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். பேச வருபவரை வாயடைக்கப் பொன்னாடையைப் போல ஒரு கருவியை நம் ஆட்கள் வேறு கண்டுபிடிக்கவில்லை.

கம்பியை அடுத்த நாளே கௌசி வெட்டி எறிந்தாள். மண்ணையும் ஒரு முறை வழித்து எடுத்தாள். தலைவர் ஜன்னலால் பார்த்துவிட்டு ஓடிவந்தார். "பிள்ளை, அது பிரமுகர்கள் போட்ட மண்!" மண் திரும்பப் போடப்பட்டது.

கோடையில் எட்வேட்டின் முறை. அவர் நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். மல்ச் என்று சொல்லும் மரச்சீவலை அடிமரத்தைச் சுற்றிக் கூம்பாகக் குவித்து, முழங்கால் உயரத்துக்கு ஒரு எரிமலை செய்து வைத்தார். வடிவாக இருப்பதாக எல்லோரும் சொன்னார்கள். உள்ளே பட்டை ஈரத்தில் ஊறிக்கொண்டிருந்தது. நைலோன் நூல் சுழலும் புல்வெட்டி மெஷின் இரண்டு இடத்தில் பட்டையைச் சீவிவிட்டது. "சின்னக் கீறல்தானே தங்கச்சி" என்றார் எட்வேட். அதற்குள்தான் மரம் துளைக்கிற பூச்சி முட்டையிடும் என்று கௌசி சொன்னதும், "அப்ப மருந்து கிருந்து அடிப்பமோ?" என்று இன்னும் பயங்கரமாகக் கேட்டார்.

யூலையில் இலைகள் ஓரம் கருகிச் சுருண்டன. தில்லையம்பலம் ஒரு நாளைக்கு மூன்று முறை பைப்பைப் பிடித்தார். போதாதென்று புல்லுக்குப் போடும் உரத்தை இரண்டு கை அள்ளிப் போட்டார். இன்னும் கருகியது. அவசரக் கூட்டம் கூட்டினார். காரணம் கண்டுபிடிக்கப்பட்டது: நாவூறு, கண்பட்டுவிட்டது. மிசிசாகாவிலிருந்து வந்த நாவூறு. கிளையில் தேசிக்காயும் செத்தல் மிளகாயும் கோத்துத் தொங்கவிட்டார்கள்.

"கௌசியைக் கேளுங்கோவன்" என்று அந்தக் கூட்டத்தில் சொன்னவர் பாலேஸ்வரி அன்ரி மட்டும்தான்.

"அவள் எப்ப பாத்தாலும் செய்யாதை செய்யாதை எண்டுதான் சொல்லுறாள்" என்றார் தலைவர். "ஆக்கபூர்வமா ஒண்டும் இல்லை."

ஆனாலும் மரம் சாகவில்லை. செப்டெம்பரில் கிளை நுனிகளில் மொட்டுக் கட்டியது. சட்டைப் பொத்தானைப் போலச் சாம்பல் நிறத்தில், ஒவ்வொன்றும் ஒரு காம்பின் மேல் நிமிர்ந்து நின்றது. கௌசி வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் காரை நிறுத்தி அந்த மொட்டுகளைப் பார்ப்பாள். மனதில் இருப்பதை முகத்தில் மறைக்கத் தெரியாத ஆள் அவள். அந்த நாட்களில் அவளைப் பார்த்தால், காத்திருந்த கடிதம் கைக்கு வந்த ஆளைப்போல் இருக்கும்.

ஒக்டோபர் விடுமுறை வார இறுதியில் அவள் ஒட்டாவாவில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள். தலைவர் ஏணியை எடுத்தார். மரம் ஒரு பக்கம் நீண்டு ஒரு பக்கம் குட்டையாக, ஒழுங்கில்லாமல் நிற்கிறது என்பது அவர் கருத்து. தேர்க்குடை மாதிரி உருண்டையாக வெட்டினார். நுனிகள் அத்தனையும் போயின. செவ்வாய்க்கிழமை காலை கௌசி வந்து பார்த்தபோது, புல்லில் அந்தப் பொத்தான்கள் பரவிக் கிடந்தன. அவள் குனிந்து ஒரு கை நிறையப் பொறுக்கினாள். நேராகத் தலைவர் வீட்டு மணியை அடித்தாள்.

"இதென்ன தெரியுமோ அங்கிள்?"

"விதையோ பிள்ளை?"

"வாற மே மாதத்துப் பூ. முழுக்க. ஒண்டுகூட மிச்சமில்லை. கோடை முழுக்கச் செத்துச் செத்து இந்த மரம் இதைக் கட்டினது. நீங்கள் ஏணி வைச்சு ஏறி வெட்டிப் போட்டியள்."

"திரும்ப வரும்தானே?"

கௌசி மொட்டுகளை அவருடைய கதவு மிதியடியில் கொட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். அன்று நேர்சரியில் வண்டியில் உட்கார்ந்து அழுததாகப் பின்னொரு நாள் சொன்னாள். "மரத்துக்காக அழேல்லை அண்ணை. பதினாறு வருஷம் ஒரு வேலையைப் படிச்சுப்போட்டு, அதை ஒரு ஆளுக்குச் சொல்லி விளங்கப்படுத்த ஏலாமல் போச்சே, அதுக்கு."

அந்த மாரியில் ஸ்நோ லொறி உப்பும் பனியும் கலந்து மரத்தின் இடுப்பு வரைக்கும் குவித்தது. ஏப்ரலில் பனி உருகியபோது கிளைகளில் பாதி காய்ந்திருந்தது. மற்றப் பாதியில் சிறு இலைமுளைகள் மட்டும். இதற்குள் தலைவர் 'வெண்மலர்த்தருவின் முதற்பூ விழா' என்று அழைப்பிதழ் அடித்து, பிரதம விருந்தினராக மோகனசுந்தரத்தைப் போட்டு, மிசிசாகாவுக்கு நேரே கொண்டுபோய்க் கொடுத்தும் விட்டார்.

விழாவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது அவர் கௌசியிடம் வந்தார். "பிள்ளை, பூத்த மரம் ஒண்டு தா. உதே அளவு, உதே உயரம். ஆருக்கும் சொல்லக் கூடாது."

"நான் தரமாட்டன் அங்கிள்."

"சரி. ஊரிலை உன்ரை நேர்சரி மட்டுமே இருக்கு?"

வெள்ளிக்கிழமை காலை குப்பை போடப் போன கௌசி, கொட்டிலுக்குப் பக்கத்தில் பழைய மெத்தைக்கும் உடைந்த மைக்ரோவேவுக்கும் நடுவே அந்த மரம் வேரோடு பிடுங்கப்பட்டுக் கிடப்பதைக் கண்டாள். வாசலில் எட்வேட் புது மரம் ஒன்றை நட்டுக்கொண்டிருந்தார். கௌசி அவரைப் போய்க் கூப்பிட்டாள். வந்து பார்த்த எட்வேட்டின் முகம் சுருங்கிவிட்டது.

"நான் என்ன செய்யிறது தங்கச்சி, தலைவர் சொன்னவர்."

"சவலை எடுத்துக்கொண்டு வாங்கோ அண்ணை. குப்பை லொறி பத்து மணிக்கு வந்திடும்."

கொட்டிலுக்குப் பின்னால், மேப்பிள் நிழல் விழும் இடத்தில், ஆழமில்லாமல் அகலமாக ஒரு குழி வெட்டினார்கள். கௌசி வேரைக் கழுவிப் பார்த்தாள். கயிறுபோலச் சுற்றியிருந்த வேர்களை நறுக்கினாள். காய்ந்த கிளைகளை எடுத்தாள். மரம் பாதியாகிவிட்டது. அடிமரம் விரியும் இடம் வெளியே தெரிய வைத்து மண் அணைத்தாள். எட்வேட் பழக்கதோஷத்தில் காலைத் தூக்கினார்.

"மிதியாதேங்கோ!"

அவர் தூக்கிய காலைத் தூக்கியபடியே இரண்டடி பின்னால் வைத்தார். அதன் பிறகு அந்தப் பக்கம் மெஷின் கொண்டு போனதில்லை.

அடுத்த நாள் விழா. 'வெண்மலர்த்தருவின் முதற்பூ விழா' என்று பேனர். பேனரில் போன வருடம் எடுத்த படம், வெள்ளைப் பூவோடு மரமும் தலைவரும். பேனருக்கு முன்னால் மரம். அது முழுக்க ரோஸ் நிறத்தில் பூத்திருந்தது.

வெள்ளை முடிந்துவிட்டதாம். அந்த நேர்சரியில் ரோஸ்தான் இருந்ததாம். பூ என்றால் பூதானே என்று தலைவர் நினைத்தாரோ, பேனரில் என்ன எழுதியிருக்கிறது என்பதை மறந்தாரோ தெரியவில்லை. நாங்கள் அறுபது பேர் கதிரைகளில் உட்கார்ந்து பேனரைப் பார்த்தோம், மரத்தைப் பார்த்தோம், திரும்பப் பேனரைப் பார்த்தோம். பிறகு கை தட்டினோம்.

மோகனசுந்தரம் பேச எழுந்தார். மரம் தெரிந்த மனிதர். மைக்குக்குப் போகும் வழியில் மரத்தடியில் குந்தி, மரச்சீவலை விரலால் ஒதுக்கினார். கறுப்பு பிளாஸ்டிக் விளிம்பு ஒன்று வெளியே வந்தது. எட்வேட்டுக்கு நேரமில்லை. தொட்டியோடு தாட்டிருந்தார்.

சம்பந்தி எழுந்து கையைத் தட்டிக்கொண்டு மைக்கைப் பிடித்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டு மரம் பூக்க எட்டு வருஷம் ஆச்சு. சம்பந்தி மரம் ஒரே வருஷத்துல பூத்திருச்சு. போன வருஷம் வெள்ளை, இந்த வருஷம் ரோஸ். அடுத்த வருஷம் மஞ்சளாப் பூத்தா எனக்கு அவசியம் சொல்லி அனுப்புங்க, நான் வந்து பாக்கிறேன்."

சிரிப்பு எங்கிருந்து தொடங்கியது என்று தெரியாது. முன் வரிசையிலிருந்துதான் என்று நினைக்கிறேன். முன் வரிசையில் இருந்தது பாலேஸ்வரி அன்ரி. தலைவர் நன்றியுரையில், மண்ணில் இரும்புச்சத்து கூடினால் பூவின் நிறம் மாறும் என்று விஞ்ஞான விளக்கம் கொடுத்தார். பிறகு ரோல்ஸும் கேக்கும் வந்தன. சாப்பிட்டுவிட்டுப் போனோம்.

ரோஸ் மரம் தொட்டிக்குள்ளேயே வெந்து ஓகஸ்ட்டில் செத்தது. அந்த இடத்தில் இப்போது சீமெந்து அன்னம் ஒன்று நிற்கிறது. அதற்குத் தண்ணீர் ஊற்றத் தேவையில்லை, வெட்டவும் முடியாது. தலைவரின் கையில் அன்னம் ஒன்றுதான் நிலைத்தது.

கொட்டிலுக்குப் பின்னால் இருந்த மரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, ஏனென்றால் கௌசியையும் எட்வேட்டையும் தவிர யாருக்கும் தெரியாது. கௌசி கோடையில் வாரத்துக்கு இரண்டு முறை, அடியில் சின்ன ஓட்டை போட்ட வாளி ஒன்றை வைத்து மெதுவாகத் தண்ணீர் கசிய விட்டாள். மரச்சீவலை மெல்லிதாகப் பரப்பி, அடிமரத்தைத் தொடாமல் ஒரு கையகலம் விட்டாள். முதல் மாரிக்குச் சாக்குத் தட்டி கட்டினாள். இரண்டாம் வருடம் நோய் வந்து இலையில் ஊதாப் புள்ளி விழுந்தபோது விழுந்த இலையெல்லாம் பொறுக்கி அள்ளினாள். சீவுண்ட பட்டை ஓரம் தடித்து மூடத் தொடங்கியது. உரம் போடவில்லை. வெட்டவில்லை. அவளுடைய வேலையில் பெரும்பகுதி சும்மா இருப்பதுதான் என்று அவள் சொல்வாள். அதைச் செய்வதற்குத்தான் எங்கள் ஆட்களில் ஆளில்லை என்றும் சொல்வாள்.

ஒரு வறண்ட யூலையில் அவள் நான்கு நாள் வேலை அலைச்சலில் தண்ணீர் விட மறந்துபோனாள். ஓடிப்போய்ப் பார்த்தால் மண் ஈரம். அடுத்த முறையும் அப்படித்தான். மூன்றாம் முறை ஒளித்து நின்று பார்த்தாள். குப்பைப் பையைக் கொட்டிலில் போட்டுவிட்டு, மற்றக் கையில் கொண்டுவந்த பால் கானிலிருந்து மெதுவாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது பாலேஸ்வரி அன்ரி.

"அன்ரிக்கு எப்பவிருந்து தெரியும்?"

"நட்ட நாளிலை இருந்து பிள்ளை. எங்கடை வீட்டிலை குப்பை போடுறது நான்தானே. அவர் இந்தப் பக்கம் வந்து ஆறு வருஷம்."

"அங்கிளுக்குச் சொல்லேல்லையோ?"

"சொன்னால் விழா வைப்பார்" என்றார் அன்ரி.

நாலாவது மே மாதம் அந்த மரம் பூத்தது. பதினோரு பூ. எனக்குத் தெரிந்ததும் அப்போதுதான். வேலை முடிந்து பின்பக்கம் காரை விட்டவன், கொட்டிலுக்கு மேலால் ஏதோ வெள்ளையாகத் தெரிய, யாரோ பிளாஸ்டிக் பை எறிந்திருக்கிறார்கள் என்று திட்டிக்கொண்டு போனேன். திட்டு வாயிலேயே நின்றுவிட்டது. குப்பை நாற்றம் அடித்தது உண்மை. பத்து நிமிடம் அங்கேயே நின்றதும் உண்மை.

அடுத்த ஞாயிறு மோகனசுந்தரம் பேரப்பிள்ளையோடு வந்தார். விருந்தினர் பார்க்கிங் பின்பக்கத்தில்தான். அவர் கண்ணில் படாமல் போகுமா?

"சம்பந்தி! குப்பைத்தொட்டி பின்னாடி இப்படி ஒரு மரத்தை வெச்சுக்கிட்டு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே! யார் வளர்த்தது? கை வெச்சவங்க கையைப் பிடிச்சுக் கும்பிடணும்."

தில்லையம்பலம் வந்து பார்த்தார். அவர் முகத்தில் வந்தது வியப்பா பயமா என்று அருகில் நின்ற என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் அது இரண்டு விநாடிதான் இருந்தது. "ஓம் சம்பந்தி" என்றார். "எங்கடை போர்டின்ரை நீண்டகாலத் திட்டம்."

அந்தக் கிழமையே தகவல் பரவியது. யூன் மாதம் விழா. மரம் வாசலுக்கு, அன்னத்துக்குப் பக்கத்தில் மாற்றப்படும். மண்ணிடலுக்குப் பெயர் கொடுப்பவர்கள் கொடுக்கலாம்.

ஆனால் அதற்கு முன் வருடாந்தப் பொதுக்கூட்டம் இருந்தது. பக்கத்துப் பாடசாலையின் நூலகத்தில், சின்னப் பிள்ளைகளின் கதிரைகளில் நாங்கள் முழங்கால் நாடியில் முட்ட உட்கார்ந்திருந்தோம். 'ஏனைய விடயங்கள்' என்று தலைவர் வாசித்ததும் கௌசி எழுந்தாள். கையில் ஒரு தாள். அதைப் பார்த்து வாசித்தாள்.

"இந்த மரத்தைப் போர்ட் வளர்க்கேல்லை. போர்ட் இதை மெத்தையோடை குப்பையிலை போட்டது. வாசலுக்குக் கொண்டுபோனால் ஒரு மாரி தாங்காது. நான் ஒரு பிரேரணை கொண்டு வாறன். இந்த மரத்தை ஆரும் கிண்டக்கூடாது. வெட்டக்கூடாது. மண் போடக்கூடாது. பால் ஊத்தக்கூடாது. இதுக்குப் பக்கத்திலை ஆரும் மைக் பிடிக்கக்கூடாது."

"உது கருத்துச் சுதந்திரத்துக்கு விரோதம்!" என்றார் தலைவர்.

"பிள்ளை, ஒரு பொன்னாடையாவது..." என்று காப்புறுதி முகவர் இழுத்தார். அவர் இதற்குள் எங்கள் வளாகத்தில் நாற்பதாம் நம்பர் வீட்டை வாங்கி வந்திருந்தார்.

"ஆதரிக்கிற ஆக்கள் கையைத் தூக்குங்கோ" என்றாள் கௌசி.

அறுபது பேரும் அடுத்தவர் கையைப் பார்த்தோம். முதல் கை தலைவருக்குப் பக்கத்துக் கதிரையிலிருந்து எழுந்தது. பாலேஸ்வரி அன்ரி கையைத் தூக்கியதோடு நிற்கவில்லை, கணவரைத் திரும்பிப் பார்த்தார். "கையை இறக்கும்" என்று அவர் பல்லைக் கடித்தார். அன்ரி மற்றக் கையையும் தூக்கினார். அதன் பிறகு கைகள் எழுந்தன. என்னுடையது இருபதாவதோ இருபத்தோராவதோ. முதலில் தூக்கும் ஆள் நானில்லை என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான். பிரேரணை நாற்பத்தொன்றுக்கு ஐந்து என்று நிறைவேறியது.

ஓகஸ்ட் மாதம் போர்டின் செய்திமடல் எல்லோருடைய தபால் பெட்டிக்கும் வந்தது. முதல் பக்கத்தில் தில்லையம்பலம், மரத்தடியில், ஒரு கிளையைச் சுட்டிக்காட்டியபடி. 'தலைவரின் தூரநோக்கினால், வாசலின் உப்பிலிருந்தும் வெயிலிலிருந்தும் காப்பாற்றப்பட்டு, விஞ்ஞான முறைப்படி இடம் மாற்றப்பட்ட வெண்மலர்த்தரு' என்று கீழே. கௌசியின் பெயர் எங்கும் இல்லை. எட்வேட்டின் பெயர் இருந்தது, புல் வெட்டும் நாட்கள் பற்றிய அறிவித்தலில்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாளைச் சுருட்டிக்கொண்டு முப்பத்தோராம் நம்பருக்குப் போனேன். கௌசி வாசற்படியில் உட்கார்ந்து வேலைச் சப்பாத்தின் சேற்றை ஒரு குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். வாங்கி வாசித்தாள். வாசிக்க வாசிக்கத் தோள் குலுங்கியது. அழுகிறாளாக்கும் என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"திருத்தம் போடச் சொல்லி எழுதுவம் தங்கச்சி. நான் கையெழுத்து வைக்கிறன்."

"வேண்டாம் அண்ணை. படத்தோடை, எழுத்திலை, தன்ரை மரம் எண்டு போட்டிட்டார். இனி அது செத்தால் ஆரின்ரை மானம் போகும்?"

"உன்னைப் பற்றி ஒரு வரி இல்லையே. கோவம் வரேல்லையோ?"

"வருது" என்றாள். சப்பாத்தின் குதியில் ஒட்டியிருந்த மண்கட்டி ஒன்றைத் தட்டி விழுத்தினாள். "ஆனால் அந்த ஆள் இப்ப அதுக்குக் கிட்டப் போகவே பயப்பிடுறார். எங்கடை வளாகத்திலை வேறை எந்த மரத்துக்கு அந்த வாய்ப்பு இருக்கு, சொல்லுங்கோ பாப்பம்?"

அவள் செய்திமடலை விரித்துச் சப்பாத்துகளை அதன் மேல் காய வைத்துவிட்டு, தேத்தண்ணி போட உள்ளே போனாள்.